பின் இடது சக்கரத்திலிருந்து

அழுத்து.
பிடி.
விடு.

சிப்காட் மூன்றாவது தெருவில்
வலைக்கு ஈயக்குண்டு வார்த்த பழைய ஷெட்டுக்குள்
மூன்று மாதத்துக்குப் பிறகு
எனக்கும் அபுல்ஹசனுக்கும் இடையே
இவ்வளவுதான் பேச்சு.

அவன் இருக்கையில், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க.
நான் தரையில், பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு,
நிப்பிளில் செருகிய குழாயைப் பார்த்தபடி.

வண்டியின் எடை அறுநூற்றுப் பத்து கிலோ.
கதவு இல்லை, கூரை இல்லை,
ஹாரனைக்கூடக் கழற்றியாயிற்று
முந்நூறு கிராம் மிச்சமென்று.
இத்துனூண்டு வண்டிக்கு இம்மாம்பெரிய பிரேக்கா என்று
பண்ருட்டி உதிரிபாகக் கடைக்காரர் சிரித்தார்.
நிறுத்தறதுக்கு இல்லண்ணே,
வேகமாப் போறதுக்கு என்றான் இவன்.
அது நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலம்.
அவன் பைக்கை விற்ற காசும்
என் தீபாவளி போனஸும்
ஒரே ரசீதில் இருந்த காலம்.

இருங்காட்டுக்கோட்டையில் நாலாவது சுற்று,
நேர்ப்பாதை முடிந்து திரும்பும் இடம்.
மிதித்தேன்.
அலை இழுத்துக்கொண்டு போகிற மணலில் கால் வைத்தாற்போல்
பெடல் உள்ளே போனது,
போய்க்கொண்டே இருந்தது.
டயர் அடுக்கில் மூக்கைக் குத்தி நின்றபோது
எனக்குக் கேட்டது என் மூச்சல்ல,
டிஸ்க் ஆறும் சத்தம்.
டிக், டிக், டிக்.

பேட் போய்விட்டது என்றான்.
எண்ணெய் கொதித்துவிட்டது என்றேன்.
உனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்றான்.
அதற்குப் பிறகு நான் சொன்னதை
இங்கே எழுதப்போவதில்லை.

பகலெல்லாம் நான் கொதிநிலை பார்க்கிறவள்,
ஆலை ஆய்வகத்தில்,
ஒரு மாதிரிக்கு ஒரு கையெழுத்து.
வண்டியிலிருந்து வடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை
யாருக்கும் தெரியாமல் குடுவையில் சூடாக்கினேன்.
இருநூற்று முப்பது தாங்கவேண்டியது
நூற்று ஐம்பத்தெட்டில் பொங்கியது.
ஒரு மழைக்காலம் முழுக்க
உப்பனாற்று ஈரத்தைக்
கொஞ்சங் கொஞ்சமாய்க் குடித்திருக்கிறது.

அந்தத் தாளை அவனுக்கு அனுப்பினேன்.
பதிலுக்குப் படம் ஒன்று வந்தது:
விரல் நகத்தின் கனம்கூட இல்லாத பேட்,
ஓரமெல்லாம் கருகி.
ஆக இருவரும் சரி.
அதனாலேயே இன்னும் ஒரு மாதம்
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது நான்தான்.
பிரேக்கில் காற்றெடுக்க இரண்டு ஆள் வேண்டும்.

அழுத்து.
பிடி.

இப்போது முன்னால் காற்றோட்ட டிஸ்க்,
நாலு பிஸ்டன் காலிப்பர்.
அதைத் தாங்கும் அலுமினியத் தகடு
பரங்கிப்பேட்டைப் பட்டறையில் அவனே கடைந்தது.
கோபத்தில் கடைந்திருக்கிறான்,
முடியளவு பிசகில்லை.
ரப்பர் ஹோஸ் போய் எஃகு பின்னிய ஹோஸ்.
பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டாமலிருக்க
இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு திருகு.
பின்னால் பேட் தவிர எதையும் தொடவில்லை,
முதுகில் சுமையே இல்லாத வண்டி.

விடு.

சிந்திய சொட்டு பெயின்ட்டைத் தின்பதற்குள்
பக்கெட்டை நகர்த்தினான், காலால்,
என் பக்கம் பார்க்காமல்.

குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது.
கடுகளவு, பிறகு ரவையளவு,
பிறகு இருக்கிறதா இல்லையா என்று
டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டிய ஒன்று.
பழசு டீ நிறத்தில் ஓடித் தீர
புதுசு வெளிறி இறங்கியது.

முன் வலது. கடைசிச் சக்கரம்.
பெடல் எப்படி இருக்கிறதென்று நான் கேட்கவில்லை.
சொல்லவேண்டியது அவன்தான்.
சொல்லவில்லை.
இறங்கி, மரத்த காலை உதறி,
இருக்கையை என் உயரத்துக்கு
முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

விடிந்து தார்ப்பாயை விலக்கினால்
புது டிஸ்க் முழுக்க மஞ்சளாய்த் துரு.
ஒரே ராத்திரியில், கடலூர்க் காற்று.
முதல் ஷிப்ட் பஸ் வராத ஆலைத் தெரு.
முதல் மிதிக்குக் கரகரத்தது,
இரண்டாவதற்குக் கொஞ்சம்.
மூன்றாவதில்
வண்டி நின்றுவிட்டது.
பெல்ட் தோளைப் பிடிக்கும்வரை
நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.